அறிவிக்காமல் திறக்கும் மதகு

பாலக்காடு மாவட்டத்தின் எல்லை மலைகளுக்குள் பரம்பிக்குளம் அணை இருக்கிறது. நிலம் கேரளத்துடையது, அணையை இயக்குவது தமிழ்நாடு. 1970 மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி சித்தூர்ப் பகுதிக்கென ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் அளந்து கொடுக்கப்பட வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அந்த அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தெற்கே இடுக்கியில், 1886ஆம் ஆண்டுக் குத்தகையின் வழியே தமிழ்நாடு இயக்கிவரும் முல்லைப்பெரியாறு அணையின் மதகுகள் இரவில் போதிய முன்னறிவிப்பின்றித் திறக்கப்படுவதாக 2021 டிசம்பரில் கேரள அரசு முறையிட்டது. அணைகளைப் பற்றிய வழக்கு வேறு. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் வேறு. எனினும் இந்த எல்லையோரத்தில் வாழும் எவரும் அறிந்த நீதி ஒன்றுண்டு. மேலே ஒருவர் இயக்க, கீழே மற்றொருவர் வாழும் ஏற்பாட்டில் உயிரைக் காப்பது அறிவிப்பு.

இதே எல்லையோரத்தில்தான், வாளையாற்றைத் தாண்டிக் கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகே கஞ்சிக்கோட்டில், 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. ஸ்ரீகிருஷ்ணபுரத்திலும் இடுக்கியின் பைனாவிலும் மூணாற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நாளைய கர்னல் நிரலர்களில் சிலர் இந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கக்கூடும். இப்பதிவு இவற்றுள் எந்த ஒரு நிறுவனத்தையும் குற்றம் சாட்டுவதன்று. இந்தியக் கணினியியல் கல்வியில் பரவலாக வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தைத்தான் குற்றம் சாட்டுகிறது. இன்லைன் அசெம்பிளியால் நேரும் நினைவகச் சிதைவைப் புரிந்துகொண்டு நீக்குவதற்குப் பதிலாக, அதன் அறிகுறியை மட்டும் மறைத்துவிட்டு அதற்கு மதிப்பெண்ணும் வழங்கும் பழக்கம் அது.

முதலில் குற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். சி மொழி நிரலின் நடுவே இயந்திர ஆணைகளை நேரடியாகப் பதிப்பதே இன்லைன் அசெம்பிளி. ஜிசிசி கம்பைலர் அந்த ஆணைகளின் பொருளைப் படிப்பதில்லை. அவற்றை ஓர் எழுத்துச் சரமாகவே கொண்டு, குறியிட்ட இடங்களில் ரெஜிஸ்டர் பெயர்களையும் நினைவக முகவரிகளையும் நிரப்பி, அசெம்பிளரிடம் ஒப்படைத்துவிடுகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அது அறிவதற்கு ஒரே வழி, நிரலர் முக்காற்புள்ளிகளால் பிரித்து எழுதும் மூன்று பட்டியல்கள்: எவற்றை எழுதுகிறது, எவற்றைப் படிக்கிறது, இவை தவிர எவற்றைக் குலைக்கிறது. மூன்றாவதற்குக் கிளாபர் பட்டியல் என்று பெயர். பட்டியலில் இல்லாத எதுவும் மாறவில்லை என்றே கம்பைலர் கொள்ளும். அப்படிக் கொள்ள அதற்கு முழு உரிமையும் உண்டு. மணக்கடவில் அளவைப் பார்ப்பவர் மேலே உள்ள ஒவ்வொரு சுரங்கக் கால்வாயையும் நடந்து சென்று சோதிப்பதில்லை. தரப்பட்ட கணக்கை நம்புகிறார். கணக்கு பொய்யானால் குற்றம் நம்பியவருடையதாகாது.

ஒரு மாணவர் எழுதும் சிறு கர்னலை எடுத்துக்கொள்ளலாம். நேரத்தைத் துல்லியமாக அளப்பதற்காக, நேர எண்ணியைப் படிக்கும் ஆணைக்கு முன்பு சிபியுஐடி ஆணையை அவர் வைக்கிறார். இது பரவலாக வழங்கும் முறைதான். சிபியுஐடி நான்கு ரெஜிஸ்டர்களை மாற்றும்: ஈஏஎக்ஸ், ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ். மாணவருக்கு வேண்டியவை ஈஏஎக்ஸும் ஈடிஎக்ஸும் மட்டுமே. ஆகவே அவ்விரண்டை மட்டும் அறிவிக்கிறார். உகப்பாக்கம் இல்லாமல் தொகுத்தால் நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஏனெனில் அந்நிலையில் கம்பைலர் மாறிகளை ஸ்டாக்கில் வைத்து, வேண்டும்போதெல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது; ரெஜிஸ்டர் எதையும் நெடுநேரம் நம்புவதில்லை. உகப்பாக்கத்தின் இரண்டாம் நிலையை இயக்கியதும் கம்பைலர் செயல்முறை அட்டவணையின் முகவரியை ஆர்பிஎக்ஸில் வைத்துக்கொள்கிறது. இன்டெல் செயலியில் சிபியுஐடி சுழிய எண்ணுடன் அழைக்கப்பட்டால், உற்பத்தியாளர் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஈபிஎக்ஸில் வந்து அமர்கின்றன, மேற்பாதி சுழியமாகிறது. அட்டவணையின் முகவரி இருந்த இடத்தில் இப்போது 1,970,169,159 என்ற எண் இருக்கிறது. நினைவகத்தை அப்படியே நேர்முகமாகப் பொருத்திக்கொண்ட சிறு கர்னலில் இது செல்லுபடியாகும் முகவரி, ஏறத்தாழ 1.83 ஜிபி தொலைவில் உள்ள இடம். அடுத்த வரி அங்கே எழுதுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. வேறு எவருடைய தரவோ அழிந்து, பல நிமிடங்களுக்குப் பின் தொடர்பே இல்லாத மற்றொரு செயற்கூறில் கர்னல் விழுகிறது.

இங்கே மாணவர் செய்யும் முதல் காரியம், விழுந்த இடத்தில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்ப்பது. அதனால் ரெஜிஸ்டர் ஒதுக்கீடு மாறுகிறது, கோளாறு மறைகிறது. இரண்டாவது, உகப்பாக்கத்தை நிறுத்துவது; கோளாறு மறைகிறது. மூன்றாவது, வோலடைல் என்ற சொல்லைச் சேர்ப்பது. சிலவேளை அதிலும் மறைகிறது. மூன்றில் எதைச் செய்தாலும் செய்முறைத் தேர்வில் வெளியீடு சரியாக வந்துவிடும். "கம்பைலர் கோளாறு" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும், கையெழுத்தும் கிடைக்கும். உடைந்த மதகின் மீது திரை போர்த்தியவருக்குப் பொறியாளர் பட்டம் கிடைக்கிறது.

வோலடைல் பற்றிய மூடநம்பிக்கையைத் தனியே கண்டிக்க வேண்டும். அசெம்பிளித் துண்டைத் தேவையற்றது என்று கருதி நீக்கிவிடாதே என்றே அச்சொல் கம்பைலருக்குச் சொல்கிறது. அந்தத் துண்டு எந்த ரெஜிஸ்டரைக் குலைத்தது, நினைவகத்தின் எப்பகுதியை மாற்றியது என்பது பற்றி அது ஒரு செய்தியும் தருவதில்லை. சுட்டி ஒன்றின் வழியே நினைவகத்தில் எழுதும் அசெம்பிளித் துண்டுக்கு மெமரி என்ற கிளாபர் வேண்டும்; அல்லது எழுதப்படும் பொருளே வெளியீடாக அறிவிக்கப்பட வேண்டும். இல்லையேல் கம்பைலர் பழைய மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு பின்னர் அதையே பயன்படுத்தும். அல்லது எழுத வேண்டிய மதிப்பை அசெம்பிளித் துண்டுக்குப் பின்னால் தள்ளிவிடும். மெமரி கிளாபரும் கம்பைலருக்கான அறிவிப்பு மட்டுமே. செயலி தன் போக்கில் வரிசையை மாற்றுவதை அது தடுக்காது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற கட்டமைப்புகளில் அதற்கெனத் தனித் தடுப்பு ஆணைகள் வேண்டும். இந்த இரண்டு தடுப்புகளின் வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்ல இயலாத ஒருவர் இயக்க முறைமைப் பாடத்தில் உயர்ந்த தரம் பெறுகிறார் என்றால், அந்தத் தரம் எதை அளந்தது என்று கேட்கும் உரிமை அனைவருக்கும் உண்டு.

"இவை மாணவப் பிழைகள், முதிர்ந்த நிரலர்கள் இப்படிச் செய்வதில்லை" என்று சமாதானம் சொல்வோர் 2019 ஏப்ரலில் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த ஒரு திருத்தத்தைப் பார்க்க வேண்டும். அலெக்சாண்டர் பொட்டபென்கோ எழுதிய அத்திருத்தம், எக்ஸ்86 கட்டமைப்பின் பிட் செயற்கூறுகளைப் பற்றியது. நீண்ட பிட் வரிசை ஒன்றில் குறிப்பிட்ட பிட்டை ஏற்றும் ஆணை, தொடக்க முகவரியிலிருந்து வெகு தொலைவில் உள்ள சொல்லையும் மாற்ற வல்லது. ஆனால் சில செயற்கூறுகளில் கட்டுப்பாட்டுக் குறிகள், முதல் எட்டு பைட்டுகள் மட்டுமே மாறும் என்ற பொருளைக் கம்பைலருக்குத் தந்தன. மற்றப் பகுதி மாறவில்லை என்று கொண்டு பழைய மதிப்பையே கையாளக் கம்பைலருக்கு உரிமை இருந்தது. வேறு சிலவற்றில் இதற்கு நேர்மாறான பிழை: ஒரு பைட்டை மட்டும் தொடும் ஆணைக்கு எட்டு பைட்டுகள் மாறுவதாக அறிவிப்பு இருந்தது. திருத்தம் முன்னதற்கு மெமரி கிளாபரைச் சேர்த்தது. பின்னதற்கு ஒரு பைட் அளவையே அறிவித்தது. இயல்பான கட்டமைப்பில் 124 செயற்கூறுகளின் அளவு கூடியது. அந்தக் கூடுதல் எடை, உண்மையைச் சொல்வதற்குக் கொடுத்த விலை. உலகின் கண்கள் அன்றாடம் படிக்கும் கர்னலிலேயே அறிவிப்பு பிழைபட்டிருந்தது என்றால், எவரும் படிக்காத ஆய்வகக் கர்னல்களின் நிலையை ஊகிக்கலாம்.

கம்பைலர் ஒருபோதும் தவறாது என்பதன்று வாதம். 2013 அக்டோபரில், அசெம்பிளியிலிருந்து சி நிரலின் வேறு இடத்துக்குத் தாவும் வடிவத்தை ஜிசிசி பிழையாகத் தொகுத்தது கண்டறியப்பட்டது. கர்னலில் அதற்கு மாற்றுவழி ஒன்று சேர்க்கப்பட்டது. அத்தகைய தாவல்கள் தாமாகவே வோலடைல் ஆகக் கருதப்படும் என்று கையேடு கூறியிருக்க, வெளியீடுகளும் உடைய வடிவத்தில் கம்பைலர் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது; அப்போதும் மாற்றுவழி தேவைப்பட்டது. ஆனால் இரு வழக்குகளிலும் கம்பைலரைக் குற்றவாளியாக்கியது சான்று. உருவான இயந்திர ஆணைகளைப் படித்து, அறிவிப்பு சரியாக இருந்தும் விளைவு பிழையானது என்று காட்டிய பிறகே குற்றச்சாட்டு நிலைத்தது. உருவான ஆணைகளை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் கம்பைலர் மீது பழி சுமத்துவது விசாரணையற்ற தீர்ப்பு.

கருவிகள் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இங்கே பொய்க்கிறது. கர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் என்ற கருவி, கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு நினைவக அணுகலோடும் ஒரு சோதனையைச் சேர்ப்பதன் வழியே பெரும்பாலும் இயங்குகிறது. அசெம்பிளிச் சரத்துக்குள் நடக்கும் அணுகலைக் கம்பைலர் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே சோதனையும் சேர்வதில்லை. இதனாலேயே லினக்ஸில் பிட் செயற்கூறுகளையும் அணுச் செயற்கூறுகளையும் சுற்றி, சோதனையைக் கையால் அழைக்கும் உறைகள் எழுதப்பட்டன. காவலர் நிற்காத ஒரே வாயில் எதுவோ, அதன் வழியேதான் திருடன் வருகிறான்.

"இந்தத் தொல்லை வேண்டாம், ரஸ்ட் மொழிக்குப் போய்விடலாம்" என்பது அடுத்த தப்பித்தல். ரஸ்டிலும் 2022 பிப்ரவரியில் நிலைபெற்ற இன்லைன் அசெம்பிளி இருக்கிறது. அதுவும் பாதுகாப்பற்ற பகுதிக்குள்தான் எழுதப்பட வேண்டும். குலைக்கும் ரெஜிஸ்டர்களை அங்கும் அறிவிக்கத்தான் வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு, அது கற்கத்தக்கது. நினைவகத்தைத் தொடவில்லை என்று நிரலர் வெளிப்படையாகச் சொன்னாலொழிய, தொட்டதாகவே ரஸ்ட் கம்பைலர் கொள்ளும். மௌனத்தை ஜிசிசி "எதுவும் மாறவில்லை" என்று படிக்கிறது. ரஸ்ட் "எதுவும் மாறியிருக்கலாம்" என்று படிக்கிறது. இந்த இயல்புநிலை சிறந்ததுதான். எனினும் பொய்யாக அறிவிப்பவரை எந்த மொழியும் திருத்துவதில்லை.

இனிக் கல்விக்கு வரலாம். பல பாடத்திட்டங்களில் அசெம்பிளி ஓர் ஆய்வகத்தில், 8086 செயலியைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது. இயக்க முறைமை வேறோர் ஆய்வகத்தில், சி மொழியில். கம்பைலர் வடிவமைப்பு மூன்றாவது ஆய்வகத்தில், பெரும்பாலும் இலக்கணப் பகுப்போடு முடிந்துவிடுகிறது. இன்லைன் அசெம்பிளி இந்த மூன்றும் சந்திக்கும் எல்லைப்புள்ளி. ஆகவே எவருடைய பாடமும் அன்று. எல்லையில் இருப்பது எவருக்கும் உரியதாகாமல் போவதன் விலை, சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துக் கேரளத்தின் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக் குறிகளைப் பற்றிய ஜிசிசி கையேட்டின் பகுதி ஆங்கிலம் நன்கறிந்தவருக்கே கடினமானது. பொருள் விளங்காத இடத்தில் மாணவர் முக்காற்புள்ளிகளை மனப்பாடம் செய்கிறார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தந்தவர்களே பதில் சொல்ல வேண்டும்.

மாற்றுவழி தொலைவில் இல்லை. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ்போஸ் என்ற கற்பித்தல் இயக்க முறைமையில், கர்னலின் ஒரு கூறு மற்றொரு கூற்றை அழைப்பதற்கு முன், தான் பயன்படுத்திவரும் ரெஜிஸ்டர்களை மாணவர் தாமே பட்டியலிட்டு ஸ்டாக்கில் சேமிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பி வரும்போது மதிப்பு குலைந்திருக்கும். எது மாறும், எது மாறாது என்று சொல்லும் பொறுப்பைக் கையால் சுமந்து பழகிய மாணவருக்குக் கிளாபர் பட்டியல் வெற்று மந்திரமாகத் தோன்றாது. இப்பயிற்சியிலிருந்து உகப்பாக்கும் கம்பைலரை நோக்கி இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் போதும். அந்த ஓரடிக்குத்தான் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இது நாட்டின் செலவும் ஆகும். 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு டிர்-வி திட்டத்தை அறிவித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா ஆகிய ரிஸ்க்-ஃபைவ் செயலிகள் அதன் அடித்தளம். ரிஸ்க்-ஃபைவ் கர்னலில் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களைப் படிப்பதும் எழுதுவதும் நினைவக வரிசையைக் காப்பதும் இன்லைன் அசெம்பிளியின் வழியாகவே பெரும்பாலும் நடக்கின்றன. செயலியை வடிவமைப்பவர்கள் தாமே புதிய ஆணைகளைச் சேர்க்கவும் ரிஸ்க்-ஃபைவ் இடம் தருகிறது. கம்பைலர் அறியாத புதிய ஆணையைப் பயன்படுத்த, முதல் நாளில் கைக்கு எட்டும் வழி இன்லைன் அசெம்பிளிதான். ஆகவே உள்நாட்டுச் செயலிகள் பெருகப் பெருக, கையால் எழுதப்படும் அறிவிப்புகளும் பெருகும். சில்லை உள்நாட்டில் வடிவமைத்துவிட்டு, அதன் கர்னலை மதகுத் திரை போர்த்தக் கற்றவர்களிடம் ஒப்படைப்பதைத் தற்சார்பு என்று அழைக்க முடியாது.

திருத்தும் முறை மறைபொருள் அன்று. ஒழுங்கை மட்டுமே கேட்கிறது. முதலில், அசெம்பிளி உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்க வேண்டும். அணுச் செயல்களுக்கும் பிட் தேடலுக்கும் கம்பைலரே தரும் உள்ளமைச் செயற்கூறுகள் உள்ளன. நீண்ட துண்டுகளைத் தனி அசெம்பிளிக் கோப்புக்கு மாற்றிவிட்டால், செயற்கூறு அழைப்பின் பொது மரபே உடன்படிக்கையாகிவிடும். எஞ்சுவதை இயன்ற அளவு சிறிதாக்க வேண்டும். ஒவ்வோர் ஆணைக்கும் செயலிக் கையேட்டைத் திறந்து, வெளிப்படையாகவும் மறைமுகமாகவும் அது மாற்றுவனவற்றை எழுத வேண்டும். நகலெடுக்கும் சர ஆணைகள் தம் முகவரி ரெஜிஸ்டர்களையும் எண்ணியையும் நகர்த்துகின்றன. அவற்றை வெறும் உள்ளீடாக அறிவிப்பது பொய். சிஸ்கால் ஆணை ஆர்சிஎக்ஸையும் ஆர்11ஐயும் அழிக்கிறது. உள்ளீடுகள் அனைத்தும் படிக்கப்படுமுன் வெளியீடு எழுதப்படுமானால் முற்குலைப்புக் குறி வேண்டும். இன்றேல் இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டர் ஒதுக்கப்படலாம். இவையனைத்தும் முடிந்தபின் உருவான ஆணைகளைப் பிரித்துப் படித்து, துண்டுக்கு முன்னும் பின்னும் எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் உயிரோடிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஐயமுள்ளபோது மெமரி கிளாபரைச் சேர்ப்பது வெட்கமன்று. அது சில சுழற்சிகளைத் தின்னும், தரவைத் தின்னாது. ஆனால் காரணம் தெரியாமல் சேர்த்து, கோளாறு மறைந்ததும் எழுந்து போய்விடுவது வெட்கம். ரெஜிஸ்டர் குலைவுக்கு மெமரி கிளாபர் மருந்தாகாது. அது கோளாறை வேறிடத்துக்கு நகர்த்தியிருக்கக்கூடும்.

ஆசிரியர்களிடம் கேட்கப்படுவது இதைவிடக் குறைவு. செய்முறைத் தேர்வில் கர்னல் நிரல் இரண்டாம் நிலை உகப்பாக்கத்தோடும் தொகுக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். "ஓடுகிறது" என்பதற்குத் தரும் மதிப்பெண்ணில் பாதி, "எதனால் ஓடாமல் போனது" என்ற எழுத்துவிளக்கத்துக்கு மாற வேண்டும். கம்பைலர் கோளாறு என்று எழுதும் மாணவர் உருவான ஆணைகளை இணைக்க வேண்டும். இணைக்காத பதிவேட்டில் கையெழுத்து விழக்கூடாது. இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ நிதியோ தேவையில்லை. கையெழுத்திடும் பேனாவைச் சற்று நேரம் மூடி வைத்தால் போதும்.

பரம்பிக்குளத்தில் உடைந்த மதகைப் பழுதாக்கியது விபத்து. மதகுகள் உடையும், நிரலரின் கையும் தவறும், அதற்கு எவரும் தண்டிக்கப்பட வேண்டியதில்லை. கீழே இருப்பவருக்குச் சொல்லாமல் திறப்பதும், சொல்லாமல் திறந்ததை மறைப்பதும் விபத்தாகாது. கம்பைலர் கீழே காத்திருக்கிறது. அதற்கு எழுதிக் கொடுக்கும் பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும் என்று கற்பிக்க ஒரு செமஸ்டரில் இரண்டு வகுப்புகள் போதும்; அந்த இரண்டு வகுப்புகளுக்கு நேரமில்லை என்று சொல்லும் துறைகள் அதை எழுத்தில் சொல்லட்டும்.